மௌரீன் அம்மையாருக்கு மறுக்கப்பட்ட ஓராண்டு

கணக்கென்றால் கலங்கியவரையும் கரும்பலகைக்கு அருகே கூட்டிவந்த கணிதப் பேராசிரியை மௌரீன் ஜெயராஜ் அவர்களே! காக்ஸ் டவுனிலிருந்து முப்பத்தோராண்டு, பேருந்து ஓடாத நாளில் நடந்தேனும், முதல் மணிக்கு முன்னே வந்து நின்ற மாண்பே! வணக்கம்.

இந்தப் பணி ஓய்வு விழா மடலில் தங்கள் பெருமைகளை எழுதவே சென்ற வாரம் தங்கள் பணிக்கோப்பைப் பிரித்தோம். எழுத நினைத்த மடல் அங்கேயே மாறிப்போனது.

1992 ஜனவரி. பெங்களூரில் தமிழரைத் தாக்கிய காவிரிக் கலவரம் அடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. தமிழர் நடத்தும் நம் கல்லூரியில் எல்லோருக்கும் அச்சம். அப்போது தாங்கள் ஓராண்டு ஆய்வு விடுப்புக் கேட்டு, நிர்வாகக் குழுவுக்குத் தமிழிலேயே விண்ணப்பித்தீர்கள். தலைப்பு: ‘முடிவுறு குலங்களில் உட்குலப் படிநிலையும் பிரதிநிதித்துவமும்’.

ஒரு வடிவத்தைத் திருப்பினாலும் புரட்டினாலும் அது மாறாதிருக்கச் செய்யும் செயல்களின் தொகுதியே கணிதத்தில் குலம் என்று இன்று அறிவோம். அதனுள் அடங்கிய உட்குலங்களின் பின்னலைப் பார்த்தே, அந்தக் குலம் எவ்வெவ்வாறு உருக்கொண்டு இயங்கும் என்று, அதாவது அதன் பிரதிநிதித்துவங்களை, சொல்லிவிட முடியுமா? எவரும் முழுதாக விடுவிக்காத அக்கேள்வியில் தாங்கள் பாதி வழி போயிருந்தீர்கள்.

அன்று அலுவலகத்தில் நடந்ததைக் கண்காணிப்பாளர் ஆராவமுதன் வெட்கத்தோடு சொன்னார்.

“இந்த நேரத்துல மேடம் ஜாதி ஆராய்ச்சி பண்ணப் போறாங்களாம். உட்ஜாதி வேற, ரிசர்வேஷன் வேற! பேடா சாமி, வேணவே வேணாம், ஃபைலை மூடு” என்று அவரே சொன்னாராம்.

“மௌரீன் மேடம் யாருக்கும் கெடுதல் நெனைக்க மாட்டாங்களே சார்” என்றாராம் எழுத்தர் சீனு.

“அவங்க நெனைக்க மாட்டாங்கப்பா. கல்லு வந்து விழறது நம்ம ஜன்னல்லதானே!”

குழுவும் கையெழுத்திட்டது. தங்களுக்கு வந்தது ஒரே வரி: ‘தலைப்பு ஏற்புடையதன்று.’ தாங்கள் காரணம் கேட்கவில்லை. தாள்களைக் கட்டி வைத்துவிட்டு வகுப்புக்குப் போனீர்கள்.

இந்தத் திங்களன்று ஆராவமுதன் தங்களிடம் உண்மையைச் சொன்னபோது, திட்டுவீர்கள் என்றே நின்றோம்.

“அட ஆண்டவரே, ஜாதின்னா நெனைச்சீங்க? என் கணக்கு தப்புன்னு யாரோ பெரியவங்க கண்டுபிடிச்சுட்டாங்கன்னுல்ல எட்டு வருஷமா அதைத் தொடாம இருந்தேன்!” என்று சிரித்தீர்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மையீர்! தங்கள் கணக்கைத் தப்பென்று எவரும் சொல்லவில்லை. அதைப் படித்தவரே இங்கு இல்லை. அக்கேள்விக்கு இன்னும் விடை வந்துவிடவில்லை என்பதை நூலகத்து இதழ்களை எல்லாம் புரட்டி உறுதிசெய்துகொண்டே இம்மடலை வாசிக்கிறோம்.

நோயற்ற நெடுவாழ்வு தங்களுக்கு வாய்க்கட்டும். அதில் முதல் ஆண்டு, அந்தத் தாள்கட்டைப் பிரிப்பதற்கு ஆகட்டும்.

மன்னிப்புக் கோரி நிற்கும்
கல்லூரி ஆசிரியர்கள், அலுவலர்கள்
பெங்களூர், 31 மே 2000