இலங்கைக்குப் போன கோப்பை

போடியிலிருந்து தேனிக்குப் போகும் பஸ். இலங்கையில் கலவரம் மூண்டு, அங்கே போய்வந்த பயணிகள் கப்பல் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்கு முன் சீட்டில் இரண்டு ஏலக்காய் வியாபாரிகள். இருவருக்கும் ஐம்பது வயதிருக்கும். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“மாப்ள, அந்தக் கடைசிக் கேட்ச நான் வேணும்னேதான் விட்டேன்.”

“என் பந்துலயா?” மற்றவர் முழுசாகத் திரும்பினார். “வெயில் கண்ணுல அடிச்சிருச்சுன்னு சத்தியம் பண்ணுனயேடா!”

“பொய்யி. பொங்கல் மேட்சுல ஜெயிச்சவுக கப்பத் தூக்கிட்டுப் போகணும், மறு பொங்கலுக்கு அவுகளே கொண்டாந்து வைக்கணும். அதான நம்ம வழக்கம்?”

“அதுக்கு?”

“வயசாயிருச்சு, இனிமே வரமாட்டோம்னு இலங்கைலருந்து வருசா வருசம் வெளையாட வர்ற டீமோட கேப்டன் அன்னிக்குக் காலைலயே எங்கிட்டச் சொல்லிட்டாரு. கப்பு கையில இருந்தா, திருப்பிக் குடுக்கவாச்சும் வருவாகல்ல?”

“பதினஞ்சு வருசத்துல நமக்கு அந்த ஒரு தடவதான்டா ஜெயிக்க வாச்சுச்சு.”

“தெரியும். கப்பல நிப்பாட்டுவாகன்னு யாரு கண்டா?”

கோடாங்கிபட்டி தாண்டும்வரை பந்து போட்டவர் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். கோபம் என்றுதான் நினைத்தேன்.

“பிட்ச்சுல விரிக்கிற தேங்கா நாரு மேட்டு எங்க குடோன்லதான் கெடக்கு,” என்றார் கடைசியில். “இந்தப் பொங்கலுக்கும் வெயில்ல காயப்போட்டு எடுத்து வச்சேன். ஒரு எடத்துலகூட எலி கடிக்கல மாப்ள.”