மேல்பூச்சு காயும்வரை

சற்றுத் தள்ளி நில்லுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. கோபித்துக்கொள்ளாதீர்கள். யூனிஃபார்மில் வருகிறவர்கள் பேச்சுச் சுவாரசியத்தில் வண்டிக் கதவில் சாய்ந்துவிடுவார்கள், பித்தளைப் பட்டன் கீறிவிடும். அந்த முக்காலியில் உட்காருங்கள். நான் நின்றுகொண்டே சொல்கிறேன், இந்த ஷெட்டில் நான் உட்கார்ந்ததே குறைவு.

இந்த வண்டி போன யுத்தத்துக்கும் முந்தியது. சீமைக்குத் திரும்பிய ஒரு கர்னலின் பங்களாவில் கோழிக்கூடாகக் கிடந்தது. ஸீட்டில் கோழிகள் முட்டையிட்டிருந்தன. கோழிகளை விரட்டிவிட்டு மாட்டுவண்டியில் ஏற்றி காக்ஸ் டவுனுக்குக் கொண்டுவந்தபோது தெருவே சிரித்தது. ஆபீஸ் குமாஸ்தாவுக்கு மோட்டார் கேட்கிறதா என்று சிரித்தார்கள். என் மனைவி பெர்னதெத்தும் வாசலில் நின்று சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு மூச்சு இழுப்பு வந்துவிடும். அன்றும் வந்தது.

பெங்களூர்க் குளிரை ஊரெல்லாம் புகழும். இழுப்புக்காரிக்கு அது ஆகவே ஆகாது. கல்யாணமான முதல் மழைக்காலத்திலேயே எனக்கு அது தெரிந்துபோயிற்று. ஊமத்தை இலையைக் கொளுத்திப் புகை பிடிக்கவைப்பேன். முதுகைத் தடவிக்கொடுப்பேன். வெந்நீர் வைப்பேன், எச்சில் கிண்ணத்தை நானே கழுவுவேன். காலையில் சவரம் செய்துகொண்டு ஆபீஸுக்குப் போவேன். மாதா கோயிலில் சாமியாரே என்னைக் காட்டி, புருஷன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

இந்த வண்டி ஓடத் தொடங்கிய பிறகு அவளுக்குத்தான் அதிகம் பயன்பட்டது. இழுப்பு முற்றினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போடவேண்டும். போட்டால் கொஞ்ச நேரத்தில் தெளிந்து, எழுந்து உட்கார்ந்து, காப்பி கேட்பாள். அப்படிப் பல தடவை கொண்டுபோயிருக்கிறேன். திரும்பி வரும்போது முன்ஸீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் கையசைப்பாள். எனக்கு அது பிடிக்கும்.

வார்னிஷ் விஷயத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். இப்போது வருகிற புது வண்டிகளுக்குத் துப்பாக்கி வைத்துப் பெயின்டைப் பீய்ச்சிவிடுகிறார்கள், ஒரு பொழுதில் முடிந்துவிடுகிறது. இது அந்த ஜாதி இல்லை. பச்சைப் பூச்சுப் பூசி, காயவிட்டு, ஈரத்துணியில் நுரைக்கல் தூளைத் தொட்டுத் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, மாதக்கணக்கில் போகும். கடைசியாக ஒரே ஒரு கனத்த வார்னிஷ். அதற்குத் தரையெல்லாம் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவேன். சட்டையில் பஞ்சிழை இருக்குமென்று வெற்றுடம்போடு பூசுவேன். பூசியபின் ஷெட்டை இழுத்து மூடிவிட்டால் அது இறுகும்வரை திறக்கக்கூடாது. ஈரக்காற்றுப் பட்டால் பால் ஊற்றியதுபோல் வெளுத்துப்போகும். மழைத்துளி பட்டால் அம்மைத் தழும்புதான். பெர்னதெத்துக்கு இதெல்லாம் அத்துப்படி. அந்த நாட்களில் முற்றத்தைப் பெருக்கக்கூட மாட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வார்னிஷ் இன்னும் இறுகவில்லை. நல்ல மழை. பூசைக்குப் போய்வந்து, சாப்பிட உட்காரும் நேரத்தில் அவளுக்கு ஆரம்பித்தது. இலைப் புகைக்குக் கேட்கவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, வண்டிய எடுங்க."

"மேக்னெட்டோ போயிடுச்சும்மா. ஸ்டார்ட் ஆகாது" என்றேன்.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. வண்டிக்குப் பொறி கொடுக்கிற சாமான் அது. அது செத்தால் வண்டி வெறும் தகரம். அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அவள் புரிந்துகொண்டாள் என்றுதான் படுகிறது.

ஜட்கா பிடிக்கப் போனேன். மழையில் ஸ்டாண்டில் ஒரே ஒரு வண்டிதான் நின்றது. கிழட்டுக் குதிரை. வண்டிக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்னா சாப், மோட்டார் வெச்சிகினு நம்ம வண்டி கேக்குறீங்கோ?"

அவனிடமும் மேக்னெட்டோ என்றேன். பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் அக்கா குடையோடு ஓடிவந்து பெர்னதெத்தை ஏற்ற உதவினாள். "ஏன் சிரில், நல்லாதானேப்பா இருந்துச்சு கார்?" என்றாள். அவளிடமும் அதையேதான் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று ஷன்டிங் அடித்துக்கொண்டிருந்தது. அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள். கேட் திறந்தபோது இழுப்புச் சத்தம் நின்றிருந்தது. ஜட்காக்காரன் அவசரப்பட்டுக் குதிரையை அடித்தான். மெதுவாகப் போப்பா என்று நான்தான் சொன்னேன்.

அவள் தம்பி நோயல் கோலார் சுரங்கத்தில் ஃபிட்டர். அடக்கத்துக்கு வந்தவன், முப்பதாம் நாள் பூசைக்கும் வந்தான். பூசை முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஷெட்டுக்குள் போயிருக்கிறான். வண்டி கெட்டது என்று காட்ட ஒரு கம்பியைப் பிடுங்கிவைத்தால் போதும், ஐயா. ஒரு நிமிஷ வேலை. அவன் வருமுன்பே நான் முயன்றும் பார்த்தேன், கை வரவில்லை. நல்ல நிலையில் இருக்கிற ஒரு சாமானை வேண்டுமென்றே கெடுக்க என்னால் முடியாது, அது என் சுபாவம்.

உள்ளே நோயல் வண்டியின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினான். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. சாப்பாட்டுக் கூட்டம் முழுக்கக் கேட்டது அந்தச் சத்தம். உண்மையைச் சொல்கிறேன், அந்த விநாடி எனக்குப் பெருமையாக இருந்தது. அவன் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் கேட்டான்.

"மேக்னெட்டோ செத்துப்போச்சுன்னீங்களே மச்சான்?"

அதற்குப் பிறகு அவன் உங்களிடம் வந்தான். அவன்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. அக்கா என்றால் அவனுக்கு உயிர்.

சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. நான் அவள்மேல் கை வைக்கவில்லை. ஜட்கா பிடித்தேன், ஏற்றினேன், கூடவே போனேன். ஒரு மேல்பூச்சுக்காகப் பெண்டாட்டியைச் சாகவிட்டான் என்று நோயல் ஊரெல்லாம் சொல்கிறான். அப்படிச் சொன்னால் கேட்பவர்களுக்குப் புரிகிறது. பைத்தியம், வண்டிப் பித்து என்று தலையில் அடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நானும் மறுக்கவில்லை, அதுவே எனக்கும் சௌகரியமாக இருந்தது.

ஆனால் நீங்கள் மழையில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். அதனால் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன்.

அன்று காலை, பூசைக்குக் கிளம்புமுன், அந்தப் பக்கத்து ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தேன். முந்தின நாள் மழைக்கு ஈசல் கிளம்பியிருக்கிறது. கூரையிடுக்கு வழியாக உள்ளே வந்து பானெட்டிலும் கதவுகளிலும் மொய்த்து ஒட்டிக்கிடந்தது. ஈர வார்னிஷில் இறக்கை இறக்கையாக, கையகல இடம் மிச்சமில்லை. அத்தனை மாத வேலையும் வீண். அடிவரை தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து பூசவேண்டியதுதான். நீங்கள் பார்க்கிற இந்தப் பூச்சு அடக்கத்துக்குப் பிறகு புதிதாக ஆரம்பித்தது.

ஆகவே அன்று மத்தியானம் காப்பாற்றுவதற்கு வார்னிஷ் என்று ஒன்று இல்லவே இல்லை. மழையில் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒன்றுதான். டாங்கியில் பெட்ரோல் இருந்தது. ஷெட்டின் இரண்டு கதவையும் திறந்து, ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால், கேட் சாத்துவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் இருந்திருப்போம். ஊசி போட்டிருப்பார்கள். அவள் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டிருப்பாள். அடுத்த வாரம் மறுபடியும் ஆரம்பித்திருக்கும், நான் மறுபடியும் இலையைக் கொளுத்தியிருப்பேன்.

எனக்குக் களைப்பாக இருந்தது, ஐயா. அவளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.