அஞ்சுல ஒண்ணு

இல்லம்மா, அந்தப் பக்கம் மூட்டை கிடக்கு, தடுக்கிடும். இப்படிச் சுத்தி வா. அந்த ஸ்டூல்ல உக்காரு. ஊசி கீசி இருக்கான்னு ஒரு தடவை தடவிப் பாத்துட்டு உக்காரு, தையக்காரி வீடு. ம்... இப்ப அந்தக் கருத்துக் கணிப்புக் கேள்வியை இன்னொரு தடவை படி. நிதானமாவே படி.

சொந்த வீட்டை வித்தா அரசாங்கம் அதுக்கு வரி போடலாமா. போடலாம், கூடாது, தெரியாது. மூணே கட்டமா? யாரும்மா இந்தத் தாளை அடிச்சது? சட்டைக்கு அளவெடுக்கவே எனக்கு ஏழு கட்டம் வேணும். அட, உன்னைச் சொல்லலம்மா. நீ பாவம், வெயில்ல மாடி மாடியா ஏறி இறங்குறவ.

முதல் பக்கத்துல அது என்ன காலியா இருக்கு? கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா... அது இருக்கட்டும். கடைசியில எழுதிக்கலாம்.

இப்ப என்ன சட்டம்னு தெரியுமில்ல? குடும்பத்துக்கு ஒரே வீடுன்னா, விக்கும்போது வரி இல்ல. ரெண்டு வீடு வச்சிருந்து அதுல ஒண்ணை வித்தா, வர்ற லாபத்துல அஞ்சுல ஒண்ணு அரசாங்கத்துக்கு. புருஷன் பேர்ல ஒண்ணு, பொண்டாட்டி பேர்ல ஒண்ணு இருந்தாலும் ரெண்டுதான். ஏன்னா ரெண்டு பேரும் ஒரே குடும்பமாம். அரசாங்கத்துக்கு அதுல சந்தேகமே வரல பாரு.

இந்த வீடு எங்க வீட்டுக்காரர் பேர்ல. அவர் லிப்ட் மெக்கானிக். எங்க அப்பா விட்டுட்டுப் போன வீடு ஒண்ணு என் பேர்ல இருந்துச்சு. சின்னதுதான், ரெண்டு ரூம். ஆனா மார்க்கெட் பக்கம், நல்ல விலை. இந்த வீட்டுக் கடன் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டே இருந்துச்சா, அதை வித்து இதை அடைச்சிடலாம்னு பேசினோம். அப்பத்தான் இந்த அஞ்சுல ஒண்ணு குறுக்க வந்துச்சு.

அதுக்கு ஒரு வழி இருக்குன்னு ஒருத்தி சொன்னா. யாரா? சொல்றேன், இரு. நீங்க ரெண்டு பேரும் காகிதத்துல மட்டும் பிரிஞ்சிடுங்க, அப்ப ஆளுக்கு ஒரு வீடுதானே, வரி இல்லாம வித்துடலாம், அப்புறம் திரும்பப் போய்க் கல்யாணத்தைப் பதிஞ்சுக்குங்க. அவ்வளவுதான். ஊர்ல பாதிப் பேர் அதைத்தான் பண்ணிக்கிட்டிருந்தாங்க. சிரிக்காத, நிஜமாத்தான்.

கோர்ட்டுல வந்து பாத்திருக்கணும் நீ. பிரிய வந்த கூட்டம் மாதிரியா இருந்துச்சு? எங்களுக்கு முன்னாடி ஒரு ஜோடி, ஒரே குடைக்குள்ள நிக்குது. பேசிக்காதீங்க, சண்டை போட்டவங்க மாதிரி இருங்கன்னு வக்கீல் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. பசி வந்தா என்ன பண்றது? நான் கட்டிக்கிட்டுப் போனது ஒரே டப்பா. மாடிப்படிக்குக் கீழ ஒளிஞ்சு உக்காந்து ரெண்டு பேரும் அதுலயே சாப்பிட்டோம். அந்தப் பக்கமா வந்த குமாஸ்தா பாத்துட்டாரு. அம்மா, சாப்பிட்டு முடிச்சிட்டுப் பிரியுங்க, ஒண்ணும் அவசரமில்லன்னாரு. எங்க வீட்டுக்காரருக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிடுச்சு. நான்தான் தலையில தட்டினேன்.

பிரியுறதுக்கு ஒரு காரணம் எழுதணுமாம். என்ன எழுதுறது? குறட்டைன்னு எழுதுங்கன்னு அவரு. அப்புறம் வக்கீலே, ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலன்னு எழுதிட்டாரு. கீழ நிறைய கட்டம். ஜீவனாம்சம் வேண்டாம், வீட்டுல பங்கு வேண்டாம், பாத்திரம் பண்டம் எதுவும் வேண்டாம். வேணும்னு போட்டா விசாரணை இழுக்குமாம். எல்லாத்துலயும் வேண்டாம் போட்டுட்டேன். படிக்கவே இல்லம்மா. எதுக்குப் படிக்கணும், சாயங்காலம் ஒண்ணாத்தானே வீட்டுக்குப் போகப் போறோம்?

போனோம். எட்டு மாசம் இங்கதான் இருந்தோம். அதே பாய், அதே தலைகாணி. அப்பா வீடு வித்துப் போச்சு, ஒரு பைசா வரி இல்ல. அந்தப் பணம் அப்படியே இந்த வீட்டுக் கடனுக்குப் போச்சு. வீடு யார் பேர்ல? ஆங், கேட்ட பாரு. நீ கெட்டிக்காரி. எனக்கு அன்னைக்கு அது உறைக்கவே இல்ல.

வாங்க, போய்ப் பதிஞ்சுட்டு வந்துடலாம்னு நானும் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். உடனே போனா வரி ஆபீஸ்ல சந்தேகப்படுவாங்க, ஒரு வருஷம் போகட்டும்னாரு. சரிதானேன்னு இருந்தேன். அப்புறம் வெளியூர்ல வேலை, பெரிய கட்டடம், பத்து லிப்ட், ஒரு மாசம் ஆகும்னாரு. நீலச் சட்டையில ஒரு பட்டன் இல்ல. அதே நிறத்துல பட்டன் தேடி, தச்சு, தேய்ச்சு மடிச்சு வச்சேன்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் கல்யாணம் பதியுற ஆபீஸ்ல நின்னிருக்காரு. போட்டோவை யாரோ அனுப்பினாங்க. பக்கத்துல அவர் கம்பெனிக் கணக்குப் பிரிவுல இருக்குற பொண்ணு. எனக்கு அவ முகம்கூட முதல்ல தெரியல. பட்டன்தான் தெரிஞ்சுது. மேல இருந்து மூணாவது.

போன் பண்ணிக் கேட்டேன். என்ன சொன்னாருங்கற? நீயே கையெழுத்துப் போட்டிருக்கியே, ஒத்துப்போகலன்னு, எடுத்துப் படிச்சுப் பாருன்னாரு. ஒண்ணாச் சேர்ந்து விளையாடினது, நடுவுல ஒரு ஆள் மட்டும் நிஜமாக்கிட்டாரு.

போலீஸா? போய் என்னன்னு சொல்றது? ஐயா, நாங்க பொய்யாப் பிரிஞ்சோம், அவரு நிஜமாப் பிரிஞ்சுட்டாருன்னா? முதல்ல பொய் சொன்னதுக்கு என்னைத்தான் உக்கார வைப்பாங்க.

இப்ப இந்த வீட்டையும் வித்துட்டாரு. இந்த மூட்டையெல்லாம் அதுக்குத்தான். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். வாங்கினவங்க முந்தாநாள் வந்து, ஜன்னலுக்குத் திரை தைக்க என்னாகும்னு என்கிட்டயே கேட்டாங்க. அளவு எடுத்துக் கொடுத்தேன். தொழில் ஆச்சே. வரியா? அவருக்கு ஏது வரி? அவருக்கு இது ஒரே வீடு. சட்டம் சுத்தமா இருக்கு.

சரி, உன் கேள்விக்கு வர்றேன். போடலாம்னு எழுதிக்கோ. ஆமாம்மா, போடலாம். ஒரு வீடோ ரெண்டு வீடோ, எல்லாருக்கும் ஒரே மாதிரி போடட்டும். போட்டிருந்தா நாங்களும் முனகிக்கிட்டே கட்டிட்டுப் போயிருப்போம். ஒளிய இடம் இருந்ததாலதானே ஒளிஞ்சோம்? அஞ்சுல ஒண்ணைக் காப்பாத்தப் போய் அஞ்சும் போச்சு.

அந்த யோசனை சொன்னவளா? விட மாட்டேங்கிறியே. அவளைத் திட்டணும்னு உனக்கே தோணுது, இல்ல?

அவருக்கு அதுல இஷ்டமே இல்லம்மா. மூணு நாள் முகம் கொடுத்துப் பேசல. லிப்ட்ல ஒரு கயிறு அறுந்தா இன்னொரு கயிறு பிடிக்கும்படி வச்சிருப்போம், இதுல அந்த ரெண்டாவது கயிறு எங்க இருக்குன்னு கேட்டாரு. வரியைக் கட்டித் தொலைச்சிடலாமேன்னாரு. சட்டை தைக்கக் கொடுக்க வந்தவ ஒருத்தி அவ கதையைச் சொல்லிக்கிட்டிருந்தா, அதைக் காதுல வாங்கிக்கிட்டு, பண்ணியே ஆகணும்னு பிடிவாதம் பிடிச்சது நான்தான். பயந்தாங்கொள்ளின்னு அவரைக் கேலி பண்ணினது நான்தான். கோர்ட்டுக்குக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனதும் நான்தான்.

எழுதிட்டியா? கல்யாணம் கட்டம்தானே பாக்கி. ஆகி, பிரிஞ்சவங்கன்னு ஒண்ணு இருக்கும் பாரு, அதுல போடு. கையெழுத்து எங்க போடணும்? இங்கயா? இரு, அந்தக் கண்ணாடியை எடு. இதையாவது படிச்சுட்டுப் போடறேன்.