தம்பிக்குக் கொடுத்த வைட்டமின்

மேடம், உங்க ஸ்டேஷன் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அடியில ஒரு அட்டையை மடிச்சு வச்சீங்கன்னா ஆடாது. பரவாயில்ல, நான் இப்படிச் சாய்ஞ்சு உக்காந்துக்கறேன். கேக்கறதையெல்லாம் கேளுங்க. மறைக்கற மாதிரி நான் ஒண்ணும் பண்ணல.

என் வீட்டுல வச்சு நான் வளர்த்த என் தம்பிக்கு இதயத்துல உலோக வால்வு வச்சு ஆறு வருஷம் ஆச்சு. அதுல ரத்தம் கட்டிக்காம இருக்க, ஆயுசுக்கும் ரத்தத்தை இளக்கற மாத்திரை சாப்பிடணும். மாசம் ஒருதடவை ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்து, உறையறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்த்து, மஞ்சள் அட்டையில ஒரு எண் எழுதுவாங்க. எண் கூடினா மாத்திரையைக் குறைப்பாங்க, குறைஞ்சா கூட்டுவாங்க. மருந்துக்கடை கவுண்டர்ல இருபது வருஷமா நிக்கறவ நான். இதுல எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

போன வருஷம் ஒருநாள் பல் தேய்க்கறப்போ அவனுக்கு ஈறுல ரத்தம். நிக்கவே இல்ல, வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு. "அக்கா, என்னை விட்டுடாதக்கா"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டான். நாப்பது வயசு ஆம்பளை. எண் எகிறிப்போச்சுன்னு சொல்லி டாக்டர், ரத்தத்தை உறைய வைக்கற வைட்டமின் கே-யை வாய் வழியாவே கொடுத்தார். ஊசிகூடப் போடல. மறுநாள் ரத்தம் நின்னுடுச்சு, எனக்கும் போன உயிர் திரும்பி வந்துச்சு.

ஒருதடவை கொடுத்தா நிக்கற ரத்தம், தினமும் கொடுத்தா வரவே வராதில்லையா. அந்த வைட்டமினைக் கடையிலேர்ந்து எடுத்துட்டு வந்து, பொடிச்சு, காலையில அவன் குடிக்கற பால்ல கலந்து கொடுத்தேன். அவன்கிட்ட சொல்லல. ஓட்டை வாய், டாக்டர்கிட்ட உளறிடுவான்.

அடுத்த மாசம் எண் இறங்கிடுச்சு. "கீரை நிறைய சாப்பிடறீங்களா?"ன்னு டாக்டர் கேட்டார். கீரையிலயும் அதே வைட்டமின்தானே இருக்கு. "கண்ணாலகூடப் பார்க்கறதில்ல சார்"னு இவன் சத்தியம் பண்ணாத குறை. என்னால சிரிப்பை அடக்க முடியல. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். எனக்கு மனசு கேக்கல, நானும் பால்ல கொஞ்சம் கூட்டினேன். அவர் மறுபடியும் கூட்டினார். இப்படியே எட்டு மாசத்துல அவனோட மாத்திரை மூணு மடங்கு ஆகிடுச்சு. ஆனா அட்டையில எண் நடுவுல நின்னுச்சு, அவனும் நல்லா இருந்தான்.

அப்பத்தான் கல்யாணம் பண்ணிக்கறேன்னு வந்து நின்னான். கூட வேலை பாக்கறவளாம். நான் குறுக்கே நிக்கல மேடம், எழுதிக்கங்க. என் கையாலதான் அவன் பெட்டியை அடுக்கினேன். கல்யாணம் முடிஞ்சதும் நாலு தெரு தள்ளி வீடு பார்த்துட்டுப் போனாங்க. போறப்போ அவ சொன்னா, "இத்தனை வருஷம் கஷ்டப்பட்டுட்டீங்க அண்ணி. இனிமே அவரை நான் பாத்துக்கறேன்." கஷ்டமாம். நான் எப்போ கஷ்டம்னு சொன்னேன்?

பாவம், விவரமான பொண்ணுதான். வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே கேட்டா: "இந்த மாத்திரை தவிர வேற ஏதாவது கொடுக்கணுமா அண்ணி?"

"இல்லம்மா, எல்லாம் அட்டையில இருக்கு"ன்னேன்.

எனக்குத் தெரியும். பாலை நிறுத்தினா மூணு மடங்கு மாத்திரையைத் தடுக்க ஒண்ணுமே இல்லன்னு தெரியும். அடுத்த பரிசோதனைக்கு மூணு வாரம் இருந்ததும் தெரியும். கொஞ்சம் ரத்தம் வரும், பயந்துபோய் என்கிட்டயே ஓடி வந்துடுவான்னு கணக்குப் போட்டேன். இதுல என்ன தப்பு? வளர்த்தவளுக்கு அவ்வளவு உரிமை இல்லையா?

அஞ்சாம் நாள் ஃபோன் பண்ணினான். "மேஜையில முட்டி லேசா இடிச்சுடுச்சுக்கா. ஊதா நிறத்துல வீங்கிக் கிடக்கு."

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, அவதான் பாத்துக்கறேன்னாளே"ன்னு வச்சுட்டேன். அந்த வைட்டமின் அப்போ என் கைப்பையிலதான் இருந்துச்சு. நாலு தெரு, நடந்தா பத்து நிமிஷம். அவன் வரட்டும்னு உக்காந்திருந்தேன். வாய் திறந்து "வரட்டுமா அக்கா"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே கலந்து வச்சிருப்பேன்.

எட்டாம் நாள் அவதான் கூப்பிட்டா, அழுதுக்கிட்டே. மூளைக்குள்ள ரத்தக்கசிவு. நான் காலையிலேயே துணி மாத்திக்கிட்டுத் தயாராத்தான் இருந்தேன். போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

தெரியாம நடந்துடுச்சுன்னு எழுதாதீங்க மேடம், அது எனக்கு அவமானம். தெரிஞ்சேதான் பண்ணினேன். கலந்ததும் நான், அவ கேட்டப்போ இல்லைன்னதும் நான். எங்கே வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். ஆனா கீழே இதையும் சேர்த்து எழுதுங்க. பால் கொடுத்த அந்த எட்டு மாசமும் என் வீட்டுல அவனுக்கு ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்ல. அவ வீட்டுக்குப் போய் எட்டே நாள்ல செத்தான். அவனை யார் ஒழுங்கா பாத்துக்கிட்டாங்கன்னு நீங்களே சொல்லுங்க.