மேடையில் உட்கார்ந்து படித்த புத்தகங்கள்

பல்லைப் பிடுங்கும்போதும் பண்போடு பிடுங்குகின்ற, இந்த வாசகர் வட்டத்தின் தலைவர், பல் மருத்துவர் ஐயா அவர்களே! தூசு தட்டியே பாதி ஆயுளைத் தொலைத்துவிட்ட நூலகர் அக்கா அவர்களே! முன்வரிசையை முழுவதுமாக வளைத்துப் போட்டிருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடே அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்து மாட்டிக்கொண்ட இளைஞர்களே! மூன்றாம் வரிசையில் கைகட்டி வீற்றிருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கத்தை வாரி வழங்குகிறேன்.

நாடகம், நடிப்பு, இசை நாடகம் ஆகியவற்றைப் பற்றிய நூல்களுக்கென்று இந்த நூலகத்தில் இன்று தனி அலமாரி திறக்கிறார்கள். எதை முதலில் எடுத்துப் படிக்கலாம் என்று பரிந்துரைக்க ஒரு பேச்சாளர் தேவைப்பட்டார். பேராசிரியர் ஒருவரைக் கேட்டார்களாம், அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நடிகர் ஒருவரைக் கேட்டார்களாம், இதில் ஒன்றையும் படித்ததில்லை என்று அவர் பெருமையோடு சொல்லிவிட்டார். கடைசியில், மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் என்னிடம் வந்து சேர்ந்தார்கள். ஏன் தெரியுமா? அந்த அலமாரியை முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரை படித்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

எங்கே படித்தேன்? வீட்டிலா? கடையிலா? பேருந்திலா? மேடையில் படித்தேன், அன்பர்களே. விளக்கு வெளிச்சத்தில் படித்தேன். உங்களில் பலர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே படித்தேன்.

என்னங்க? மைக்கை நெருங்கிப் பேசவா? பேசுகிறேன். மைக்குக்குப் பக்கத்தில் நிற்பது எனக்குப் புதுப் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும். முகம் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும். ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிக்கிறாரே, அவர்தான். நாள் முழுவதும் பேசுவார், யாரும் திருப்பிப் பேச மாட்டார்கள். உலகத்தில் எத்தனை ஆண்களுக்கு அப்படி ஒரு வேலை வாய்க்கும்? மாலையில் அதே குரலோடு நாடகக் குழுவுக்கு வருவார். எழுதுவது அவர், இயக்குவது அவர், நடிப்பது அவர். குழுவில் அவருக்கு 'ஒலிபெருக்கி' என்று பெயர். அதைப் பாராட்டு என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நடிக்க ஆசைப்பட்டுத்தான் நான் அந்தக் குழுவில் சேர்ந்தேன். சேர்ந்த இடத்தில் குழுத் தலைவரையே கட்டிக்கொண்டேன். ஆசையில் ஒரு பாதி நிறைவேறியது. எந்தப் பாதி என்று இங்கே வைத்துக் கேட்காதீர்கள். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் மேடையில் ஒரே ஒரு வசனம். ஒன்றே ஒன்று. கேட்டேன், கெஞ்சினேன், சண்டையும் போட்டேன்.

அவர் அப்போது ஓய்வுபெற்ற நீதிபதியைப் பற்றி நாடகம் எழுதியிருந்தார். திரை தூக்கியதிலிருந்து திரை விழும்வரை நீதிபதியாக இவரே பேசுவார். உலகைப் பழிப்பார், உறவைப் பழிப்பார், ஊரைப் பழிப்பார். ஓர் ஓரத்தில் நாற்காலி போட்டு நீதிபதியின் மனைவி புத்தகம் படித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு வசனம் உண்டா? கிடையாது. 'காபி வேணுமா' என்று ஒரு கேள்வி? கிடையாது. குறைந்தபட்சம் ஓர் இருமல்? அதுவும் கிடையாது. அந்த மாபெரும் பாத்திரம் என்னைத் தேடி வந்தது. நீ உட்கார்ந்தாலே வீடு வீடு மாதிரி இருக்கும் என்று சொன்னார். மேசை விளக்குக்கும் அதே காரணம்தான் சொல்லியிருந்தார்.

முதலில் அட்டையில் செய்த போலிப் புத்தகம் கொடுத்தார்கள். அது வெளிச்சத்தில் பல்லை இளித்தது. உண்மையான தடித்த புத்தகம் வேண்டுமென்று நூலகர் அக்காவிடம் போனேன். யாரும் எடுக்காத புத்தகமாகப் பார்த்துத் தருகிறேன், திருப்பித் தர அவசரமில்லை என்றார். அப்படி யாரும் எடுக்காமல் கிடந்தவை எவை? நடிப்பைப் பற்றிய நூல்கள். தடுக்கி விழுந்தால் ஒரு நடிகர் மேல் விழுகிற இந்த ஊரில், நடிப்பைப் பற்றிய நூல்களில் சிலந்தி குடியிருந்தது.

ஆகவே, முதல் பரிந்துரை. மேல்தட்டில், சிவப்பு அட்டை, ஒரு செங்கல் எடை. அதன் சாரம் ஒன்றுதான்: மேடையில் ஒரு காரியத்தைச் செய்வதுபோல் காட்டாதே, செய். அதுவரை நான் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன். மறுகாட்சியில் நிஜமாகவே படித்தேன். புரியாத இடத்தில் புருவம் சுருக்கினேன், புரிந்த இடத்தில் தலையாட்டினேன். நீதிபதி கர்ஜித்துக்கொண்டிருக்கிறார், மக்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் அதைக் கவனித்துவிட்டார். அடுத்த வாரம் என் நாற்காலி ஓரடி பின்னால் போனது. அதற்கடுத்த வாரம் ஒரு பூச்சாடி முன்னால் வந்தது. பிறகு பூச்சாடியில் பூக்களும் இலைகளும் வளர ஆரம்பித்தன. அப்படியும் அந்த இலை இடுக்கு வழியாக என்னைத்தான் பார்த்தார்கள்.

இரண்டாவது, நடுத்தட்டில் நீல அட்டை, இசை நாடகம் பற்றியது. பேச்சால் தாங்க முடியாத இடத்தில்தான் பாட்டு பிறக்க வேண்டும் என்கிறது. எங்கள் நீதிபதியோ மூச்சு வாங்கும்போதெல்லாம் பாடுவார். அவர் பாடத் தொடங்கினால் கீபோர்டு வாசிப்பவர் ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறுகையால் தேநீர் குடிப்பார். அந்த வரியைப் படித்துவிட்டுத் தலை நிமிர்கிறேன், இவர் கண்ணை மூடிப் பாடுகிறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் சிரிக்க, முன்வரிசை சிரிக்க, அரங்கமே சிரித்தது. தன் பாட்டின் நகைச்சுவை மக்களுக்குப் பிடித்துவிட்டதென்று எண்ணி, அடுத்த காட்சியில் மேலும் இரண்டு பாட்டுகளைச் சேர்த்தார். அந்தப் பாட்டுகளைக் கேட்டு அவதிப்பட்டவர்கள் யாராவது இங்கே இருந்தால் இந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது, கீழ்த்தட்டு. ஒரு நடிகை எழுதிய வாழ்க்கைக் கதை. காலமெல்லாம் சின்னச் சின்ன வேடங்கள் போட்டவள். ஒப்பனை அறையில் மற்றவர்கள் களைந்த உடைகளை மடித்து வைத்துக்கொண்டே, தனக்குக் கிடைக்காத வசனங்களைச் சுவரைப் பார்த்துப் பேசுவாளாம். அந்தப் பக்கம் வந்தபோது நான் மேடையில் இருந்தேன். அழுதுவிட்டேன். தேம்பித் தேம்பி அழுதேன். அப்போது இவர் தன் சோகக் கட்டத்தில் இருந்தார். என்னைப் பார்த்து மக்கள் அழுதார்கள். உடன் நடிப்பவர்களையே உருக வைத்த நடிப்பு தன்னுடையது என்று இவர் ஒரு பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்.

பிறகு நாடகப் போட்டி வந்தது. பேசாமலே பேசிய மனைவிக்குச் சிறப்புப் பரிசு என்று நடுவர்கள் அறிவித்தார்கள். பரிசு எனக்கு. ஏற்புரை? இவர் ஆற்றினார். அரை மணி நேரம். நான் பக்கத்தில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்றிரவு வீட்டில் மறுபடியும் கேட்டேன். ஒரு வசனம் கொடுங்கள் என்றேன். "உன் பலமே வாயைத் திறக்காததுதாம்மா. திறந்தா பரிசு வாங்கின நடிப்பு போயிடும்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். கோபத்தில் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நான்காவதாக நான் பரிந்துரைக்கும் நூல் மிகவும் மெலிந்தது. செங்கற்களுக்கு நடுவில் ஒளிந்திருக்கும், விரலை விட்டுத் தேடுங்கள். கேட்பதைப் பற்றிய நூல். மேடையில் ஒருவர் உண்மையாகக் கேட்டால், பேசுகிறவர் பொய் பேச முடியாது என்கிறது. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடினேன். காட்சி நடந்துகொண்டிருந்தது. இலைகளை விலக்கி அவரைப் பார்த்தேன். அவர் பேசுவதை, கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல்முறையாக, ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

நாடகத்தின் புகழ்பெற்ற வரி வந்தது. ஒவ்வொரு காட்சியிலும் எனக்கு முதுகைக் காட்டி, உங்களைப் பார்த்து முழங்குவாரே, அந்த வரி. இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்க ஓர் ஆள் உண்டா? ஓர் ஆள் உண்டா? ஓர் ஆளாவது உண்டா? வழக்கம்போல் கைதட்டல் எழும்ப வேண்டிய நேரம். எழும்பவில்லை. ஏனென்றால் நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒத்திகை பார்த்தா நின்றேன்? திட்டமிட்டா நின்றேன்? கால் தானாக நின்றது, வாய் தானாகத் திறந்தது.

"அப்ப நான் யாருங்க?"

என் முதல் வசனம், அன்பர்களே. சொல்லி முடிப்பதற்குள் திரை விழுந்துவிட்டது. திரைக் கயிறு என் கொழுந்தன் கையில். அண்ணி நாடகத்தைக் கெடுத்துவிட்டாள் என்று பதறி, குடும்ப மானத்தைக் காப்பாற்ற இழுத்துவிட்டான். இந்தப் பக்கம் இருட்டில் நாங்கள் இருவர். அந்தப் பக்கம் நீங்கள். இனி என் வாழ்க்கையில் அந்த நாற்காலியும் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். அழுகைகூட வரவில்லை.

அப்போது இருட்டில் ஒரு குரல் கேட்டது. ரயில் நிலையக் குரல் இல்லை. நான் அதுவரை கேட்காத சின்னக் குரல்.

"திரையைத் தூக்குடா. அவ கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல."

திரை எழுந்தது. பதில் சொல்லப் போகிறார் என்று அரங்கம் காத்திருந்தது. சொல்லுக்குப் பஞ்சமே இல்லாத மனிதர், சொல் கிடைக்காமல் நின்றார். பார்த்தவர்களுக்குத் தெரியும், அதுதான் அவர் வாழ்நாளில் நடித்த மிகச் சிறந்த கட்டம். பிறகு மெதுவாக வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார்.

பேசினேன். நன்றாகப் பேசினேனா? இல்லை. நாக்கு குழறியது, குரல் உடைந்தது, பாதியில் எங்கேயோ போய் எங்கேயோ வந்தேன். எப்படி நிற்பது என்பதற்கு நூல் உண்டு. எப்படி அழுவது என்பதற்கு உண்டு. எங்கே பாடுவது என்பதற்கும் உண்டு. பேசவே விடாமல் உட்கார வைக்கப்பட்டவளுக்கு முதல் பேச்சு எப்படி வரும் என்பதற்கு, அந்த அலமாரி முழுக்கத் தேடியும் ஒரு நூல் இல்லை. தாய்மார்களே, அதை யாராவது எழுதுங்கள். அதற்கு ஒரு தட்டைக் காலியாக வைத்திருக்கும்படி நூலகர் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். கைதட்டாதீர்கள், எழுதுங்கள்.

அன்று வீடு திரும்பினோம். பூட்டைத் திறக்கும்போதுதான் வாயைத் திறந்தார். நல்லாத்தான் இருந்தது, கொஞ்சம் நீளம் என்றார். கேட்டீர்களா இந்தக் கொடுமையை? யார், யாரைப் பார்த்துச் சொல்வது? ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீளம் என்று சொல்வதற்கு முழுவதையும் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அன்று அது போதுமாக இருந்தது.

திருந்திவிட்டாரா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார். இப்போது எல்லாக் காட்சியிலும் அந்தக் கட்டம் உண்டு, எனக்கு வசனமும் உண்டு. ஆனால் அந்தச் 'சொல்லு' என்ற ஒரு சொல்லை அவர் மூன்று விதமாக ஏற்றி இறக்கி, கைதட்டல் வாங்கிய பிறகுதான் என்னைப் பேச விடுகிறார். போகட்டும். அவரும் ஒருநாள் அந்த மெலிந்த நூலைப் படிப்பார் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் இல்லறம் ஓடுகிறது.

தலைவர் அவர்கள் துண்டுச்சீட்டு நீட்டுகிறார். நேரமாகிவிட்டதாம். ஐயா, நான் மேடையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுத்தால், விடியும்வரை பேச எனக்கு உரிமை உண்டு. இருந்தாலும் முடித்துக்கொள்கிறேன். முடிக்கத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் ஒருவராவது இருக்க வேண்டாமா? இதுவரை கேட்ட காதுகள் அனைத்துக்கும் நன்றி. அமர்கிறேன், வணக்கம்.