மாமாவின் முதுகில் கேமரா

கேமரா வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் படம் தெளிவாக வருமா என்றுதான் கேட்கிறார்கள். எடை எவ்வளவு என்று கேட்க வேண்டும். நேற்று எனக்கு நாசி லெமாக் வாங்கிக் கொடுத்த உங்கள் இளம் ஆபீசர், மலையேறப் போவதாகவும், சுற்றிலும் படம் எடுக்கிற கேமராவில் எது நல்லது என்றும் விசாரித்தார். அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். உடம்பில் மாட்டிக்கொண்டு நடக்கிற பொருள், மாட்டியிருப்பதே மறந்துபோகிற அளவுக்கு இலேசாக இருக்க வேண்டும்.

நான் அவசரப்பட்டு வாங்கவில்லை. மலாக்காவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒன்றில் படம் அருமையாக இருந்தது, ஆனால் கையில் எடுத்தால் செங்கல். இன்னொன்று சின்னது, நம் வெயிலில் சீக்கிரமே சூடாகி நின்றுவிடும் என்று கடைக்காரரே சொன்னார். கடைசியில் எடுத்ததுதான் உங்கள் மேசையில் இருக்கிறது. முன்னும் பின்னும் இரண்டு லென்ஸ். தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. முதுகுப்பையில் ஒரு கம்பியைச் செருகி, தலைக்கு மேலே நிற்கிற மாதிரி இதைப் பொருத்திவிடலாம். இரண்டு லென்ஸின் படமும் ஒட்டும்போது கம்பி மறைந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு, யாரோ ஒருவர் பின்னாலேயே நடந்து வந்து படம் பிடிப்பது போலத் தோன்றும்.

இவ்வளவு யோசித்ததற்குக் காரணம், அதை மாட்டிக்கொண்டு நடக்கப் போகிறவர் என் மாமனார்.

சாமிக்கண்ணு மாமா இளவயதில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் காவலாளியாக இருந்தார். ஞாபகம் கலையத் தொடங்கியதும் என் மனைவி ராகினி அவரைப் பெம்பானில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அவள் தொழிற்சாலை வேலைக்குப் போய்விடுவாள். வேலை போய் வீட்டிலிருந்த நான்தான் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இறந்தவரைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். சோற்றை மென்று தட்டின் ஓரத்தில் துப்புவார். கொஞ்ச நேரம் கழித்து அதையே எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். சோபாவில் எப்போதும் ஒரு ஈரம் இருக்கும். எச்சில் கையால் என் தோளைத் தொட்டுவிட்டால் நான் சட்டையை மாற்றிவிடுவேன். குளிப்பாட்டும்போது பாத்திரம் கழுவும் கையுறையைப் போட்டுக்கொண்டு, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொள்வேன். ஒருநாள்கூட அவரைத் திட்டியதில்லை. கை ஓங்கியதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

காலையானால் அவர் கதவைப் பிடித்து ஆட்டுவார். "பெரட்டுக்கு நேரமாச்சு" என்பார். விடிந்ததும் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பேர் போடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். பேர் போடுகிறவர் கிராணி. கலைந்த மூளையில் அவர் என்னைக் கிராணியாக ஆக்கி வைத்திருந்தார். நான் முன்னால் வந்தால் முதுகை வளைத்துக் கையைக் கட்டிக்கொள்வார்.

"இன்னிக்கு எனக்கு எந்த நெரைங்க கிராணி ஐயா?"

எந்த வரிசை மரங்களில் வேலை என்று கேட்கிறார். முதல் நாள் நான் சும்மா பின்பக்கத்தில் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தைக் காட்டினேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். அந்த நேரம் முழுவதும் வீடு சுத்தமாக, அமைதியாக இருந்தது. நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் குமட்டாமல் சாப்பிட்டேன்.

கேமரா யோசனை அதற்குப் பிறகு வந்ததுதான். நான் அதற்கு முன்பே பயண வீடியோ போட்டுக்கொண்டிருந்தேன். லேடாங் மலை, தஞ்சோங் கிளிங் கடற்கரை என்று போய் எடுத்தேன். யாரும் பார்க்கவில்லை. மாமாவின் பையில் கேமராவைப் பொருத்தி அனுப்பிய முதல் வீடியோவை ஊரே பார்த்தது. ஒரு கிழவர் செம்பனை மரங்களுக்கு நடுவே தனக்குள் பேசிக்கொண்டு நடக்கிறார், இல்லாத ரப்பர் மரத்தில் இல்லாத கத்தியால் கோடு போடுகிறார். பார்த்தவர்கள் அழுதார்களாம். 'சாமித் தாத்தாவின் சாகசப் பயணம்' என்று பெயர் வைத்தேன். "மாமனாரை இப்படிப் பக்கத்திலிருந்து கவனிக்கிற மருமகன் யாருக்குக் கிடைப்பான்" என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். கம்பி படத்தில் தெரியாது என்று சொன்னேன் அல்லவா.

ராகினியும் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா மொகத்துல எவ்ளோ சந்தோஷம் பாருங்க. நீங்க பின்னாலயே போறீங்கதானே? தனியா விட்றாதீங்க லா."

"பின்னாலதான் போறேன்."

அது பொய்யில்லை. சில நாள் போயிருக்கிறேன். ஆனால் இந்த வகைக் கேமராவில் ஒரு சங்கடம் உண்டு, உங்கள் ஆபீசரிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அது எல்லாப் பக்கமும் பார்க்கும். எடுக்கிறவன் ஒளிந்துகொள்ள அதற்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. கிட்டப் போனால் படத்தில் விழுந்துவிடுவேன். பக்கத்தில் இருந்து எடுப்பதாக நம்பியவர்கள் முன்னால், தூரத்துப் புதரில் இருந்து தலையை நீட்ட முடியுமா? ஆகவே தள்ளியே இருந்தேன். பல நாள் வீட்டிலேயே இருந்தேன்.

கொஞ்ச நாளில் பார்வையாளர்களுக்கு அலுத்துவிட்டது. அதே மரம், அதே பாதை என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் மாமாவுக்கு நிரையை மாற்றிக் கொடுத்தேன். கால்வாய்க்கு அந்தப் பக்கம், அப்புறம் அட்டை நிறைந்த புதர்க்காடு. அவர் எதையும் மறுக்கவில்லை. கிராணி சொன்னால் போக வேண்டும் என்பது அவருக்கு எதை மறந்தாலும் மறக்கவில்லை. விழுந்தால் தானே எழுந்திருப்பார். விழுகிற வீடியோக்களுக்குத்தான் கூட்டம் அதிகம். பார்க்கிறவர்களை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஒரு கிழவர் சேற்றில் விழுவதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள் என்ன மனிதர்கள்?

எதிர்வீட்டு பவானேஸ்வரி அக்கா ஒருநாள் மாமாவின் காலைப் பார்த்துவிட்டார். அட்டை கடித்த இடங்கள் புண்ணாகிச் சீழ் வைத்திருந்தன. ஈ மொய்த்தது.

"என்னாப்பா தர்மேந்திரன், மனுசன் காலு அழுகிப் போயிருக்கு. கிளினிக் கூட்டிட்டுப் போகலியா?"

"சொறிஞ்சுக்கிறாருக்கா. மருந்து போட்றேன்."

மருந்து போட்டேன். கையுறை போட்டுக்கொண்டுதான். அதன் பிறகு அவருக்கு நீளக் கால்சட்டை மாட்டிவிட்டேன். ராகினி கண்ணில் பட்டால் கவலைப்படுவாள்.

கடைசி நாளுக்கு வருகிறேன். முந்தின நாள் முழுக்க மழை. ஆற்றோரம் சதுப்பாகக் கிடந்தது. கேமராவின் தண்ணீர்க் காப்பை நான் அதுவரை சரியாகப் பயன்படுத்திப் பார்க்கவில்லை. காலையில் பையை மாட்டி, கேமராவை ஓடவிட்டு, அவரை ஆற்றங்கரை வரைக்கும் காரில் கூட்டிப் போனேன். அந்த முன்பகுதியை எப்போதும் எடிட்டிங்கில் வெட்டிவிடுவேன். உங்களிடம் இருப்பது வெட்டாதது. அதனால்தான் எல்லாம் கேட்கிறது.

"ஒன் நெரை அந்தப் பக்கம்."

அவர் பார்த்தார். அன்று அவருக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது என்று நினைக்கிறேன்.

"சேறா இருக்குங்க ஐயா. கால் உள்ள போயிரும்."

"பேர் போட்டாச்சு. போ."

"வேற நெரை குடுங்க ஐயா. பயமா இருக்கு."

"அப்ப வேல இல்ல. வீட்டுக்குப் போ, புள்ளைங்க பட்டினி கெடக்கட்டும்."

தோட்டத்தில் கிராணிகள் அப்படித்தான் பேசுவார்களாம், அவரே சொல்லியிருக்கிறார். அவர் கும்பிட்டார். இறங்கினார். நான் போய் ஒரு செம்பனை மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

முழங்கால் வரை போனதும் கூப்பிட்டார். இடுப்பு வரை போனதும் கூப்பிட்டார். நான் நின்ற இடத்திலிருந்து எட்டிவிடுகிற தூரம்தான். காரில் கயிறுகூட இருந்தது. யோசித்துப் பாருங்கள், நான் வெளியே வந்திருந்தால் அந்தப் படம் எதற்கும் ஆகாது. அதுமட்டுமல்ல, அவரைத் தூக்க வேண்டும். அந்தச் சேறு, அந்தக் கால், பயத்தில் அவர் கழித்திருந்தது, எல்லாவற்றையும் கட்டிப்பிடிக்க வேண்டும். கையுறை வீட்டில் இருந்தது. நான் மரத்தின் பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சத்தம் நிற்கும் வரை நின்றேன். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன்.

அவர் தவறி விழுந்து இறக்கவில்லை. நான் அனுப்பினேன், பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்று காலை, பதிவில் இருப்பது என் குரல்தானா என்று கேட்க ராகினியைக் கூட்டி வந்தீர்கள். முதல் வார்த்தையிலேயே ஆமாம் என்றாளாம். போதும் என்று நீங்கள் சொல்லியும் கேட்காமல் கடைசி வரை பார்த்தாளாம். அப்புறம் வெளியே ஓடிப்போய் வாசல் சாக்கடை ஓரம் குனிந்து வாந்தி எடுத்தாள். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள். வெறும் வயிற்றில் கோப்பி குடித்தால் அவளுக்கு எப்போதும் அப்படித்தான் ஆகும்.