எர்த் பட்டைக்கு அடியில் நீலப் பெயிண்ட்

என் பெயர் ஷஹாபுதீன், வயது 52, தகப்பனார் பெயர் அப்துல் கபூர். புதுச்சேரி முல்லா வீதியில் குடியிருக்கிறேன். முத்தியால்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்புறம் வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்யும் கடை வைத்திருக்கிறேன். வைத்திக்குப்பம் வினோத்குமாரை வேன் ஓட்டிப் போகும்போது பார்த்திருக்கிறேன். அவரோடும் அவர் குடும்பத்தோடும் எனக்கு உறவோ பகையோ கிடையாது.

இன்று காலை இந்த நிலையத்துக் காவலர் ஒருவர் என் கடைக்கு வந்து, வளாகத்தில் நிற்கும் பழைய மீன் வேனை மரத்தடிக்கு நகர்த்த செல்ஃப் அடித்தபோது டேஷ்போர்டுக்குக் கீழிருந்து புகை வந்ததாகவும், தீப்பிடிப்பதற்குள் பேட்டரியைக் கழற்றித் தரவேண்டும் என்றும் சொன்னதன் பேரில் டூல்ஸ் பையோடு வந்தேன். வந்த பிறகுதான் அது நேற்று வைத்திக்குப்பம் கடற்கரையில் பக்கிரி என்பவர் மேல் ஏறிய வேன் என்று தெரிந்தது. பக்கிரி, வினோத்குமாரின் அக்காள் தையல்நாயகியின் கணவர். வேனை மீன் வேலையிலிருந்து எடுத்து மேட்டுப்பாளையம் கம்பெனிக்கு ஆள் ஏற்ற விடுவது பற்றி மாமனுக்கும் மச்சானுக்கும் வாய்த்தகராறு நடந்ததாகவும், வினோத்குமார் ஆத்திரத்தில் இன்ஜினை உறுமவிட்டு எதிரே நின்றவர் மேல் ஏற்றிவிட்டதாகவும், பக்கிரி ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை என்றும், அக்காளே தம்பி மேல் புகார் கொடுத்திருப்பதாகவும், பிற்பகலில் வினோத்குமாரைக் கொலை முயற்சி வழக்கில் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதாகவும் காவலர்கள் பேசிக்கொண்டார்கள்.

சொன்ன வேலையைச் செய்துவிட்டு என் வழியைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் பேட்டரி புத்தம் புதிதாக இருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. வண்டி கொஞ்சம் மக்கர் செய்தாலே பேட்டரியை மாற்றிவிட்டுக் கைகழுவுகிறவர்கள்தான் இந்த ஊரில் அதிகம். லாக்கப்பில் இருந்த வினோத்குமாரிடம் வண்டிக்கு என்ன கோளாறு என்று நானே போய்க் கேட்டேன். உதவி ஆய்வாளர் இளம்பரிதி தடுக்கவில்லை.

"நாலு நாளா செல்ஃப் இழுக்கவே மாட்டேங்குது பாய். ஆரன் அடிச்சா லைட்டு மங்குது. பேட்டரி மாத்தியும் அப்படியேதான் இருக்குது. நேத்தும் வுட்டு வுட்டு அடிச்சிதான் ஸ்டார்ட் ஆச்சி. கியர போட்டு மிதிச்சேன். கால எடுத்தா ஆக்சிலேட்டரு மேல வரல பாய். பிரேக்க மிதிக்கறதுக்குள்ள மாமா கீழ கெடந்தாரு" என்றார்.

எல்லாரும் இதைத்தான் சொல்லுவார்கள் என்றார் உதவி ஆய்வாளர். ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகும் கரண்ட், இன்ஜின் வழியாகத் திரும்பி பேட்டரிக்கே வந்து சேர வேண்டும். அதற்காக இன்ஜினையும், பேட்டரியின் மைனஸ் சேர்ந்திருக்கும் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்தையும் சேர்த்து ஒரு செம்புப் பட்டையை போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். எர்த் பட்டை என்போம். அந்த வழி அடைபட்டால் கரண்ட் சும்மா இருக்காது, கிடைத்த இரும்பில் ஓடும். இன்ஜினுக்கும் பெடலுக்கும் நடுவே இருக்கிற இரும்பு, ஆக்சிலேட்டர் கேபிள். அது பழுக்கக் காய்ந்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும்.

அதன் பிறகு உதவி ஆய்வாளரிடம் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டேன். கோர்ட்டுக்குக் கிளம்ப வண்டி வந்துவிடும், அதற்குள் முடி என்றார். இன்ஜின் பிடித்துக்கொண்டால் இன்னோர் உயிர் போகும் என்ற பயத்தில் டீசல் குழாயைக் கழற்றிவிட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். மீட்டரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறு முனையை பேட்டரியின் மைனஸிலும் வைத்துக் காவலரை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். எர்த் சரியாக இருந்தால் மீட்டர் முள் அசையக் கூடாது. அது எகிறியது. டேஷ்போர்டுக்குக் கீழே புகை வந்தது. கேபிளைத் தொட்டேன், விரல் சுட்டது. அதன் பிறகு தடித்த வயர் ஒன்றால் இன்ஜினை பேட்டரி மைனஸோடு நேராக இணைத்து மறுபடி அடிக்கச் சொன்னேன். செல்ஃப் கணீரென்று சுற்றியது, புகை இல்லை. அந்த வயரை எடுத்துவிட்டு இன்னொரு முறை அடிக்கச் சொல்லி உதவி ஆய்வாளரே கேபிளைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

அதன் பிறகு வண்டிக்கு அடியில் படுத்து எர்த் பட்டையைக் கழற்றினேன். பட்டை நன்றாகத்தான் இருந்தது. அது உட்காரும் சேஸிஸில் கெட்டியாக நீலப் பெயிண்ட் இருந்தது. போல்ட் மரையிலும் பெயிண்ட். பெயிண்டுக்கு மேல் உட்கார்ந்த பட்டைக்குக் கரண்ட் எப்படிப் போகும்? ஆத்திரத்தில், "இதக் கழட்டி அடிச்ச புத்திசாலி யாருய்யா?" என்று அடியிலிருந்தே கத்திவிட்டேன்.

"நான்தான் பாய்" என்று ஒரு பெண் குரல் கேட்டது. வெளியே வந்து பார்த்தேன். புகாரில் கையெழுத்துப் போட வந்திருந்த தையல்நாயகி நின்றுகொண்டிருந்தார். "மாசி மகம் வருதுன்னு அடிச்சேன். படகுக்கு அடிக்கிற மாதிரிதான். போல்ட்ட கழட்டி அடியிலயும் ரெண்டு கை அடிச்சி முடுக்கினேன். வெறும் இரும்ப வுட்டா உப்புக்காத்து தின்னுடாதா?" என்றார். நான் கத்தியதற்கு வெட்கப்பட்டேன்.

உடனே லாக்கப்பிலிருந்து வினோத்குமார், "அக்கா இல்ல சார், நான்தான் அடிச்சேன், எழுதிக்கங்க" என்று குரல் கொடுத்தார். நீ கழற்றினாய் என்றால் வேண்டுமென்றே செய்ததாக ஆகிவிடும், தெரியுமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். "ஆவட்டும் சார்" என்றார். அதற்குத் தையல்நாயகி, "அவன் பிரஷ்ஷ தொட்டதே கெடையாது சார்" என்று இரண்டு கைகளையும் உதவி ஆய்வாளர் முன்னால் நீட்டினார். நகக்கண்களில் அதே நீலம் இருந்தது. தம்பி மேல் கொடுத்த புகாரைத் திருப்பித் தரும்படி கேட்டார். அதன் பிறகு என்னைப் பார்த்து, "அப்ப எங்க வூட்டுக்காரர சாய்ச்சது நானா பாய்?" என்று கேட்டார்.

அவருக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அரைகுறையாக அடிக்கிறவர் பட்டையைச் சுற்றி அடித்துவிட்டுப் போயிருப்பார், ஒன்றும் ஆகியிருக்காது. போல்ட்டைக் கழற்றி அடியில் வரைக்கும் அடித்தவர் அந்த வண்டி மேல் அவ்வளவு அக்கறை உள்ளவர். இது வாக்குமூலத்துக்குத் தேவையில்லை என்று உதவி ஆய்வாளர் சொன்னார். இதை எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொன்னதன் பேரில் எழுதப்பட்டது.

மேற்கண்டவை முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் கையால் தொட்டதும் இவைதான். ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் விடவில்லை.

(ஒப்பம்)
ஷஹாபுதீன்

என் முன்பாகப் பதியப்பட்டது.
இளம்பரிதி, உதவி ஆய்வாளர்